தண்ணீரில் நின்ற வண்டி

பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் கூடி வருகின்ற தினத்தில், காலையில் மேலூர்த் திருவுடையம்மனையும், உச்சிப் பொழுதில் திருவொற்றியூர் வடிவுடையம்மனையும், மாலையில் எங்கள் திருமுல்லைவாயில் கொடியிடையம்மனையும் தரிசித்துவிட வேண்டும் என்று சங்கற்பம் செய்துகொண்டு புறப்படுகிற குடும்பங்களை நான் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். முன்பெல்லாம் அவர்கள் பஸ் மாறிப் பஸ் மாறி, குழந்தைகளை இடுப்பில் சுமந்துகொண்டு, வியர்த்து வந்து சேருவார்கள். இப்பொழுது சந்நிதித் தெருவில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் பல, முதல் கையில் வாங்கியவை அல்ல. சீட்டுப் பணம் எடுத்தும், நகையை அடகு வைத்தும், வயதான தாய் தந்தையரை ஒரு நாளாவது சௌகரியமாக அழைத்துப் போக வேண்டும் என்ற ஆசையினாலே வாங்கப்பட்டவை. அவ்விதம் வாங்கிய வண்டியை முதல் நாள் கோயில் வாசலில் நிறுத்தி, மாலை சாத்தி, சக்கரங்களின் அடியில் எலுமிச்சம் பழம் வைத்து நசுக்கி எடுக்கிறபோது அந்தக் குடும்பத்தின் முகத்திலே தோன்றுகிற மலர்ச்சியைப் பார்த்தவர்களுக்கு, அந்த வண்டி ஆறே மாதத்தில் ஒர்க்‌ஷாப்பிலே படுத்துவிட்டது என்ற செய்தி எவ்வளவு வேதனை தரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வூர் இறைவனுக்கு மாசிலாமணீசுவரர் என்று திருநாமம். மாசற்ற மணியாகிய அப்பெருமானுடைய திருமேனியில் ஒரு வடு உண்டு. தொண்டைமான் சக்கரவர்த்தி ஏறி வந்த யானையின் காலில் முல்லைக் கொடி சுற்றிக்கொள்ள, அவன் வாளை வீசிக் கொடியை வெட்டுகையில் அடியிலிருந்த லிங்கத்தின்மேல் வெட்டு விழுந்து இரத்தம் பெருகிற்று என்பது ஸ்தல புராணம். அந்தக் காயம் குளிர்வதற்காகவே சுவாமிக்கு ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பு. சித்திரைச் சதயத்தன்று மாத்திரம் அது களையப்பட்டு நிஜ ரூப தரிசனம் கிடைக்கும். அந்தச் சந்தனத்தின் அடியில் வடு இருக்கிறது என்பதை இவ்வூர்க் குழந்தையும் அறியும். யாரும் அதை ஒளித்ததில்லை. வாசலில் நிற்கிற கார்களின்மேல் மினுமினுக்கிற வர்ணத்தைப் பற்றியும் அவ்விதம் சொல்ல முடிந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே ஏற்பட்டிராது.

அம்பத்தூரில் தொழிற்பேட்டை 1964ஆம் ஆண்டு தோன்றிற்று. அதற்கு முன்பே, 1961இல், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1965இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிற எங்கள் ஊரில், லேத்தையோ பிரெஸ்ஸையோ வெல்டிங்கையோ தொட்டறியாத குடும்பம் மிகக் குறைவு. இரும்பின் குணம் அறிந்த இத்தகைய ஊரிலேயே மனிதர்கள் பழைய காரை வாங்கி ஏமாறுகிறார்கள் என்றால், அது அறிவின் குறைவினால் அன்று. ஆசையுடன் போகிறவனுடைய கண், பார்க்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டுப் பளபளப்பிலே போய் நின்றுவிடுகிறது.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறையில்லாத பழைய வண்டி என்று ஒன்று கிடையாது. அதைத் தேடிப் போகிறவன்தான் முதலில் ஏமாறுகிறான். குறை உள்ள வண்டியைத் தாராளமாக வாங்கலாம். கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். டயர் வழுக்கையானால் நான்கும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேட்பதும் நியாயமே. குறை மறைக்கப்பட்ட வண்டியைத்தான் வாங்கலாகாது. ஒரு குறையை மறைத்த கை இன்னொன்றையும் மறைத்திராது என்பதற்கு என்ன பிரமாணம்? ஆகையால் பழைய காரைப் பரீட்சிப்பது என்பது, மறைத்த கை எங்கே பட்டிருக்கிறது என்று தேடுகிற காரியமே. அவ்வாறு மறைக்கப்படுகிற குறைகளுள், சென்னைப் பட்டணத்திலும் அதைச் சூழ்ந்த இந்தப் பிரதேசத்திலும் முதலிடம் பெறுவது தண்ணீர்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதியும் இரண்டாம் தேதியும் நினைவில் இல்லாத சென்னைவாசி இருக்க மாட்டார். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் அடையாற்றில் பெருகி, ஜாபர்கான்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளின் கூரை வரையில் ஏறியபோது, அடுக்கு மாடிக் கட்டடங்களின் நிலவறைகளில் நிறுத்தியிருந்த கார்கள் ஒரே இரவில் மூழ்கிப் போயின. எட்டு வருஷம் கழித்து, 2023 டிசம்பர் முதல் வாரத்தில், மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குள்ளும் கொரட்டூர்த் தெருக்களிலும் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. அந்த மாதம் முடிவதற்குள்ளேயே தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தூத்துக்குடிச் சீமை முழுவதும் மிதந்தது. வீடுகளை விட்டு நீர் வடிந்தது. தெருக்களை விட்டு வடிந்தது. அந்த நீரில் நின்ற கார்கள் எங்கே போயின?

அவற்றின் கதை இப்படி. முழுமையான இன்ஷூரன்ஸ் எடுத்த வண்டியொன்று வெள்ளத்தில் சேதமானால், சர்வேயர் வந்து மதிப்பிடுவார். பழுது பார்க்கிற செலவு பாலிஸியில் குறித்துள்ள ஐ.டி.வி. என்னும் காப்பீட்டு மதிப்பில் 75 சதவிகிதத்துக்கு மேற்படுமாயின், அதை முழு நஷ்டம் என்று தீர்த்து, தொகையைச் சொந்தக்காரருக்குக் கொடுத்துவிடுவார்கள். வண்டியோ ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுப்பவர்களில் உதிரி பாகங்களுக்காக எடுப்பவரும் உண்டு. கழுவி, காயவைத்து, சீட்டுத் துணியை மாற்றி, என்ஜினை எப்படியாவது ஓடச் செய்து, வெள்ளம் பாராத வேறு ஜில்லாவுக்கோ மாநிலத்துக்கோ அனுப்பி விற்பவரும் உண்டு. இன்ஷூரன்ஸே இல்லாதவர்களும், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தவர்களும் தாங்களே அரைகுறையாகப் பழுது பார்த்து, முதலில் கேட்டவருக்குத் தள்ளிவிட்டார்கள். சட்டப்படி இதெல்லாம் முடிந்துபோன விவகாரம். ஆனால் அந்த வண்டி முடிந்துபோகவில்லை.

அத்தகைய வெள்ளம் ஒன்று வந்த மறுவருஷம், நானே ஒரு வண்டி வாங்க முனைந்தேன். ஒரு புரோக்கர் மூலமாகத் தகவல் வந்தது; ஃபர்ஸ்ட் ஓனர், வெள்ளை நிறம், நான்கே வருஷம் ஓடியது; சந்தை விலையைவிடக் கணிசமாகக் குறைவு. சீட்டு உறைகள் புதியவை. உள்ளே நல்ல வாசனைத் திரவியத்தின் மணம். எனக்கு அப்பொழுதே அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்று தோன்றிற்று. ஆவடித் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்டை வீட்டு நண்பரைப் பெயரளவுக்கு உடன் அழைத்துப் போயிருந்தேன். அவர் என்ஜினைத் திறக்கச் சொல்லவில்லை. ஓட்டிப் பார்க்கவும் கேட்கவில்லை. முன் சீட்டில் அமர்ந்து, சீட் பெல்ட்டைக் கடைசி வரையில் முழுவதுமாக இழுத்தார். தோளுக்குக் குறுக்கே வருகிற பகுதி புதிது போலச் சுத்தமாக இருந்தது. எப்போதும் சுருளுக்குள்ளேயே மடிந்து கிடக்கிற கடைசிக் கை அகலப் பகுதியில் மட்டும் செம்பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. அதற்குக் கீழே திட்டுத் திட்டாக வண்டல்.

“சார், இது தண்ணியில நின்ன வண்டி. வாங்க, போலாம்” என்றார்.

“அண்ணே, சும்மா மழைச் சாரல் அடிச்சதுண்ணே, வாட்டர் வாஷ் போட்டாலும் அப்படித்தான் இருக்கும்” என்றார் புரோக்கர்.

நண்பர் பதில் சொல்லாமல் சீட்டின் அடியில் கையை விட்டு, அது முன்னும் பின்னும் நகர்கிற தண்டவாளத்தைத் தடவி, துருப் படிந்த விரல்களை என்னிடம் காட்டினார். பிறகு டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னி டயரைத் தூக்கச் சொன்னார். அந்தப் பள்ளத்தின் மூலையில் உலர்ந்த சேறு பாளம் பாளமாக இருந்தது. சாரல் மழை அங்கே போய்ச் சேறாகத் தேங்குமா என்று நான் கேட்டபோது புரோக்கருக்கு விடை இல்லை.

அன்று முதல் நான் கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன். தண்ணீர், மற்ற விபத்துகளைப் போல் வண்டியை உடனே கொல்வதில்லை. காற்று உறிஞ்சுகிற குழாய் வழியாக நீர் சிலிண்டருக்குள் புகுந்த நிலையில் எவரேனும் அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால், காற்றைப்போல நீர் அமுங்குவதில்லை ஆதலால், மேலே வருகிற பிஸ்டன் அதன்மேல் மோதி, கனெக்டிங் ராடு வளைந்துவிடுகிறது. அதிகம் வளைந்தால் என்ஜின் அங்கேயே தீர்ந்தது. சிறிது வளைந்தாலோ, அது ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு மெல்லிய தட்டல் சப்தத்துடன், மாதங்கள் கழித்து, நெடுஞ்சாலையின் நடுவே தன் கணக்கைத் தீர்க்கும். இதைவிடப் பொல்லாதது மின்சாரப் பகுதி. இன்றைய காரில் என்ஜின், பிரேக், ஏர் பேக், கதவின் பூட்டு வரையில் யாவும் ஈ.சி.யூ. என்னும் சிறு பெட்டிகளின் ஆணைக்கு அடங்கியவை. பல வண்டிகளில் இவை டேஷ்போர்டின் அடியில், காலடிக்கு அருகிலேயே பொருத்தப்பட்டிருக்கின்றன. முழங்கால் அளவு தண்ணீருக்கே அவை நனைந்துவிடும். வெயிலில் காயவைத்தால் அப்போதைக்கு வேலை செய்யும். ஆனால் கனெக்டர்களின் செப்புப் பற்களில் பச்சைக் களிம்பு ஏறிக்கொண்டே போய், ஆறாம் மாதமோ எட்டாம் மாதமோ ஒரு விளக்கு எரியாது. பிறகு ஒரு கண்ணாடி இறங்காது. பிறகு காரணமில்லாமல் வண்டி நிற்கும். எந்த மெக்கானிக்காலும் முழுவதும் குணப்படுத்த முடியாத வியாதி அது. விபத்தில் அடிபட்டுத் திறமையாகப் பழுது பார்க்கப்பட்ட வண்டியைக்கூட விலை பார்த்து வாங்கலாம் என்பேன். சாக்கடையும் ஏரி நீரும் கலந்த தண்ணீரில் இரண்டு நாள் நின்ற வண்டியை, அதை மறைத்து விற்பவரிடமிருந்து எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

ஆகவே வண்டிக்குள் ஏறியதும் ஏ.சி.யைப் போடாமல், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஐந்து நிமிஷம் சும்மா அமர்ந்து முகர்ந்து பாருங்கள். நனைந்த பஞ்சின் புழுக்க வாடையை எந்த வாசனைத் திரவியமும் முழுவதும் விழுங்கிவிடாது. தரைக் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். ஐந்து வருஷத்து வண்டியில் கம்பளம் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள். ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றிக் களிம்பு உண்டா என்று பாருங்கள். ஹெட்லைட் கூண்டுக்குள் பனி படர்ந்ததுபோல் மங்கல் இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

அடிபட்ட வண்டியைக் கண்டறிவது இதைக் காட்டிலும் எளிது. கதவிலும் பம்பரிலும் டச்சப் செய்திருப்பதைக் கண்டு மிரள வேண்டாம், எங்கள் ஊர் சி.டி.எச். ரோட்டில் ஓடுகிற எந்த வண்டி ஷேர் ஆட்டோவின் உரசலுக்குத் தப்பியது? கவனிக்க வேண்டியது எலும்புக்கூடு. பானட்டைத் திறந்து, முன் சக்கரங்களுக்கு மேலே இருபுறமும் ஓடுகிற ஏப்ரான் தகட்டைப் பாருங்கள். தொழிற்சாலையில் போட்ட ஸ்பாட் வெல்டுகள், அம்மைத் தழும்பு போலச் சிறு வட்டங்களாக, ஒரே சீரான இடைவெளியில் இருக்கும். டிங்கரிங் கடையில் கையால் வைத்த வெல்டு புழு ஊர்ந்தாற்போல் இருக்கும். கதவின் ரப்பர் பீடிங்கைச் சிறிது இழுத்துவிட்டுப் பார்த்தால் பில்லரும் இதே சாட்சியத்தைச் சொல்லும். பானட்டையும் ஃபெண்டரையும் பிடித்திருக்கிற போல்ட்டுகளின் தலையில் வர்ணம் உரிந்து ஸ்பேனர் பட்ட அடையாளம் இருந்தால், அவை ஒருமுறை கழற்றப்பட்டவை. மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தை இரும்புத் தகட்டின்மேல் ஓடவிடுங்கள். பட்டி கனமாகப் பூசிய இடத்தில் அது பிடிப்பு விட்டு வழுக்கும். எல்லாக் கண்ணாடிகளிலும் அச்சிட்டிருக்கிற வருஷக் குறி ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்; ஒன்று மாத்திரம் பிந்தையதாயின் அதற்கு ஒரு கதை உண்டு.

கிலோமீட்டர் குறைக்கிற தந்திரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். முள் மீட்டர் இருந்த காலத்தில் அதற்குத் திருப்புளி வேண்டும், டிஜிட்டல் மீட்டருக்குக் கம்ப்யூட்டர் வேண்டும், வித்தியாசம் அவ்வளவே. மீட்டரைத் திருத்துகிறவனால் மனிதப் பாதம் தேய்த்ததைத் திருத்த முடிவதில்லை. முப்பதாயிரம் கிலோமீட்டர் என்று காட்டுகிற வண்டியில் கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழப்பாகி, ஸ்டியரிங்கின் தோல் பளபளத்து, டிரைவர் சீட்டின் வலது ஓரம் அமுங்கிக் கிடந்தால், எண்ணை நம்பாதீர்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முன்னிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2219 என்றிருந்தால் 2019ஆம் வருஷம் இருபத்திரண்டாம் வாரம். குறைவாக ஓடியதாகச் சொல்லும் வண்டியில் டயர்கள் ஏன் மாற்றப்பட்டன என்று கேட்கலாம் அல்லவா? கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைக் கொடுத்துச் சரித்திரத்தைக் கேட்டுப் பெறுவது எல்லாவற்றிலும் சிறந்தது. டாக்ஸியாக ஓடிப் பிறகு ஓன் போர்டாக மாற்றப்பட்ட வண்டிகளின் உண்மையும் அங்கேதான் வெளிப்படும்.

என்ஜினைப் பொறுத்தவரை ஒரு வார்த்தை போதும். காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடேறிய பின்பும் வெண்புகை நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே கசிகிறது. ஆயில் மூடியின் உட்புறம் மோர் போல் வெளுத்திருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டன. ஹெட் கேஸ்கட்டோ அதைவிடப் பெரிதோ போயிருக்கக்கூடும். மற்றதை நல்ல மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துப் போய்த் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்கேனர் வைத்துப் பார்ப்பதற்கு அவர் கேட்கிற சில நூறு ரூபாயில் பேரம் பேசாதீர்கள்.

அடுத்தது காகிதம். தண்ணீருக்கு அடுத்தபடியாக மனிதர்கள் ஏமாறுவது இங்கேதான். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரின் பதினேழு எழுத்துகளையும் வண்டியில் பொறித்துள்ள எண்ணுடன் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். பொறித்த இடத்தில் தேய்த்த தடம் இருந்தால் அங்கிருந்து போய்விடுங்கள். கடன் தீர்ந்துவிட்டது என்று வாயால் சொல்வது போதாது, வங்கியின் என்.ஓ.சி.யும், ஹெச்.பி. கேன்சல் செய்வதற்கான படிவம் 35உம் கையில் இருக்க வேண்டும். பழைய டீசல் வண்டிகளுக்குத் தலைநகரத்தில் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளினால் மலிவாக இறங்கி வருகிற ‘டெல்லி வண்டி’யைக் கண்டு மயங்குகிறவர்கள், அதை இங்கே பதிவு செய்யத் தமிழ்நாட்டின் வரியை மறுபடியும் கட்ட வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்ஷூரன்ஸ் பாலிஸியை எல்லோரும் தேதிக்காக மட்டும் பார்க்கிறார்கள். அதில் ‘நோ கிளெய்ம் போனஸ்’ என்றொரு வரி உண்டு. நஷ்ட ஈடு கேட்காத ஒவ்வொரு வருஷத்துக்கும் அது 20, 25, 35, 45, 50 சதவிகிதம் என்று ஏறிக்கொண்டே போய், ஒரே ஒரு கிளெய்மில் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். ஐந்தாறு வருஷம் ஒரே கையில் இருந்த வண்டிக்குப் போனஸ் பூஜ்யம் என்று கண்டால், என்ன நேர்ந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆயினும் போனஸ் சொந்தக்காரருக்கு உரியதேயன்றி வண்டிக்கு உரியதன்று. வேறொரு வண்டியிலிருந்து கொண்டுவந்ததாகவும் இருக்கலாம். எனவே முந்தைய வருஷத்துப் பாலிஸிகளையும் சேர்த்துக் கேளுங்கள்.

பெயர் மாற்றம் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பொதுவான கவலை. மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் கைமாறுகிற வண்டியை விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29உம் 30உம் இதற்கானவை. கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களைக் கொடுத்துவிட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டு போகிறவர்கள், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அறிந்திருப்பது நல்லது. கைமாறிக் கைமாறி வேறொருவரிடம் இருந்த கார் விபத்தை உண்டாக்கியபோதும், ஆர்.சி.யில் யார் பெயர் இருந்ததோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று அது தீர்த்தது. 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, பழைய கார் விற்கிற கன்சல்டிங் கடைகளும் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்று மத்திய விதி ஏற்பட்டிருக்கிறது. கடைக்குள் நுழைந்ததும் அந்தச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் அகௌரவம் ஒன்றும் இல்லை.

அரசாங்கத்துக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. வெள்ளத்தினாலோ விபத்தினாலோ முழு நஷ்டம் என்று தீர்க்கப்பட்ட ஒவ்வொரு வண்டியின் எண்ணுக்கு எதிரிலும் அந்தச் செய்தியைப் பதிவேட்டிலேயே குறித்து, வாங்க வருகிற எவரும் செல்போனில் வண்டி நம்பரைத் தட்டிய மாத்திரத்தில் அதைக் காணும்படி செய்ய வேண்டும். ஏலத்தில் போகிற வண்டி தன் வடுவையும் உடன் எடுத்துக்கொண்டு போகட்டும்.

பழைய வண்டியை விற்கப் போகிற என் ஊர்க்காரர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். மிக்ஜாம் மழையில் உங்கள் வண்டி நின்றது உண்மையானால், எத்தனை அடி நின்றது, எத்தனை நாள் நின்றது, எதையெல்லாம் மாற்றினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, ஒர்க்‌ஷாப் பில்களையும் அதனுடன் பின் செய்து, வாங்க வருகிறவர் கையில் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். விலை குறையும், குறையட்டும். அந்த வண்டியில் அடுத்த பௌர்ணமிக்குக் கொடியிடையம்மனைத் தரிசிக்க வரப்போகிறவர்கள் உங்களைப் போன்ற ஒரு குடும்பத்தினர்.